ஊர்ப்பொது மின்சாரத்தைப் பற்றி ஊரோடு பேசுவது எப்படி: செட்டிநாட்டில் புது வேலைக்கு வருபவருக்கு

முதல் மாதம் எதையும் எழுதாதீர்கள். நோட்டீஸ், முகநூல் பதிவு, வீடியோ, புது லோகோ எதுவும் வேண்டாம். "ஆள் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, ஒண்ணும் வெளிய வரலையே" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் இப்படி ஒரு அமைப்பில் தகவல் தொடர்பு வேலை பார்க்கிறேன். ஊரார் சேர்ந்து பணம் போட்டு, பள்ளிக்கூட மாடி, மில் கொட்டகை, நிழல் விழாத மொட்டைமாடி என்று கிடைத்த இடத்தில் சோலார் பேனல் போட்டு, அதில் வருகிற யூனிட்டையும் மிச்சமாகிற பணத்தையும் கணக்குப் பார்த்து ஊருக்கே திருப்புவது எங்கள் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பத்திரிகை, விளம்பரம், தொண்டு நிறுவனம் என்று ஏதோ ஒரு பக்கத்திலிருந்து வருகிறார்கள், எழுத்து எல்லோருக்கும் நன்றாகவே வருகிறது. தடுமாறுகிற இடம் வேறு. விளம்பரத்தில் நாம் பேசுவது வாங்குகிறவரிடம். இங்கே நாம் பேசுவது சொந்தக்காரரிடம். பேனல் அவருடையது, மாடி அவருடையது, நம் சம்பளத்தில்கூட அவர் போட்ட காசு கொஞ்சம் இருக்கிறது. அதனால் கணக்கப்பிள்ளை முதலாளியிடம் கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் அவரிடம் பேச வேண்டும். இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பழகிவிடும்.

பெட்டியடியில் உட்காருங்கள்

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் செட்டியார்கள் லேவாதேவிக் கடை வைத்திருந்த காலத்தில், புதிதாக வேலைக்குப் போகிற பையன் பெட்டியடியில்தான் உட்காருவான். வருகிறவர் போகிறவர் முகம் பார்ப்பான், ஏடு எடுத்துக் கொடுப்பான், பேச்சும் கணக்கும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம்தான் அடுத்தாள், அதற்கும் அப்புறம்தான் கடைப்பொறுப்பு முழுக்கச் சுமக்கிற மேலாள். நீங்கள் எத்தனை வருட அனுபவத்தோடு வந்தாலும் முதல் 3 மாதம் பெட்டியடிப் பையன்தான். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

எங்கே உட்காருவது? உறுப்பினர் சந்தா கட்ட வருகிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போதும். மிச்ச நேரம் டெக்னீஷியனின் பைக்கில் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். அவரோடு மாடி ஏறி இன்வெர்ட்டர் திரையில் இன்றைய யூனிட், மொத்த யூனிட் எங்கே தெரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பேனலைத் துடைக்கும்போது நீங்களும் ஒரு துணியைப் பிடியுங்கள். உப்புத் தண்ணீரில் துடைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்பதையும், வெயில் ஏறுமுன் காலையிலேயே ஏன் துடைக்கிறார்கள் என்பதையும் கையால் செய்து தெரிந்துகொண்டால் அப்புறம் எழுதுகிற வாக்கியமே வேறு மாதிரி இருக்கும். ஈபி ஆபீஸுக்கு நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுத்த யூனிட்டையும் லைனுக்குக் கொடுத்த யூனிட்டையும் கணக்குப் பார்க்கிற மீட்டர்) விண்ணப்பம் கொண்டுபோகும்போதும் கூடவே போங்கள். அந்த வரிசையில் நிற்கிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நோட்டில் கேள்விகளை மட்டும் எழுதுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. "மழை பேஞ்சா கரண்டு வருமா?" "எங்க வீடு ஓட்டு வீடு, மேல ஏத்துனா ஓடு தாங்குமா?" "மோட்டாருக்கு ஏற்கெனவே இலவச கரண்டுதான், எனக்கு எதுக்கு இது?" "நான் போட்ட காச நடுவுல கேட்டா குடுப்பீங்களா?" "எம் மகன் சிங்கப்பூர்ல இருக்கான், அவன் பேர்ல சேரலாமா?" "ஈபில நாளைக்கு ரூல மாத்திட்டா என்ன பண்ணுவீங்க?" இதை நல்ல தமிழில் திருத்தி எழுதிவிட்டால் கேள்வியின் உயிர் போய்விடும். "ஓடு தாங்குமா" என்று கேட்டவருக்குப் பயம் பாட்டன் கட்டிய வீட்டைப் பற்றியது. அதைக் "கூரையின் பளு தாங்கும் திறன்" என்று மாற்றி எழுதிவிட்டு நீங்கள் கொடுக்கிற பதில் அவரைப் போய்ச் சேராது.

முதல் மாத நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது பருவநிலை மாற்றம் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கண்மாயில் தண்ணீர் நிற்கிற நாள் எவ்வளவு குறைந்துபோனது, ஊருணி எந்த வருடம் வற்றியது என்றெல்லாம் அவர்கள் தேதியோடு சொல்வார்கள். வேறு நேரத்தில், வேறு பேச்சுக்கு நடுவில் சொல்வார்கள். அப்போது காது கொடுக்க நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லைப் பார்த்து வையுங்கள்

கம்யூனிட்டி எனர்ஜி என்பதை யாரோ "சமூக எரிசக்தி" என்று மொழிபெயர்த்து வைத்திருப்பார்கள், உங்கள் அமைப்பின் பழைய நோட்டீஸில்கூட இருக்கலாம். நம் ஊரில் சமூகம் என்று சொன்னால் அடுத்த கேள்வி "எந்தச் சமூகம்?" என்பதுதான், சாதியைக் கேட்கிறார்கள். செட்டிநாடு என்றாலே நகரத்தார் விஷயம் என்ற நினைப்பு ஏற்கெனவே இருக்கிற இடத்தில், அதன்மேல் சமூக எரிசக்தி என்று தலைப்புப் போட்டால் ஊரில் பாதிப்பேர் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் ஊர்ப்பொது மின்சாரம் என்று மாற்றிக்கொண்டோம். ஊர்ப்பொதுக் கிணறு, ஊர்ப்பொதுப் பணம் மாதிரி அது உடனே ஒட்டிக்கொண்டது.

ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. ஊர் தனி, காலனி தனி என்று பிரித்துப் பேசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஊர்ப்பொது என்று எழுதிவிட்டுக் காலனிப் பக்கம் போகாமல் இருந்தால் அந்த நோட்டீஸ் பொய். முதல் கூட்டம் யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது என்பதை ஊர் பத்து வருடத்துக்கு ஞாபகம் வைத்திருக்கும். எல்லோரும் கூச்சமில்லாமல் வந்து உட்காரக்கூடிய பள்ளிக்கூடமோ, ரேஷன் கடைக்கு முன்னால் இருக்கிற மரத்தடியோ பாருங்கள். பெரிய வீட்டு முகப்பில் நாற்காலி போட்டுத் தருகிறோம் என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். நன்றி சொல்லிவிட்டு, முதல் கூட்டத்துக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர். இந்த ஒரு சொல்லால் எனக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு நோட்டீஸில் "இனி மின்வெட்டுக் கவலை இல்லை" என்று ஒரு வரி எழுதினேன், டெக்னீஷியனிடம் காட்டாமல் அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியான நேரம், எங்களுக்கு மாடியை விட்டிருந்த ஆச்சி ஒருவர் போன் பண்ணினார். "ஏப்பா, மாடியில அவ்வளவு பெருசாப் போட்டிருக்கீக, வெயிலும் கொளுத்துது, ஃபேன் ஓடலையே" என்றார். எண்பது வயதுக்காரர், தனியாக இருக்கிறவர், நான் எழுதியதை நம்பி வெக்கையில் உட்கார்ந்திருந்தார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

விஷயம் இதுதான். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியோடு ஹாலில் இருக்கிற பெட்டி, கரண்ட் போனால் ஃபேன் ஓட்டுவது. சோலாரில் இருக்கிற இன்வெர்ட்டர் வேறு. பேனலில் வருகிற நேர்மின்சாரத்தை வீட்டுக்கு வேண்டிய மாறுமின்சாரமாக மாற்றுகிற கருவி அது. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த சோலாரில், லைனில் கரண்ட் போன உடனே அதுவும் தானாக நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். ஏன் என்றால், கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார், நம் மாடியிலிருந்து கரண்ட் பின்பக்கமாகப் போய் அவரை அடித்துவிடக் கூடாது. இந்தக் காரணத்தைச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. "அட, நம்ம லைன்மேன் உசிரு சமாச்சாரம், அது சரி" என்று விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வைத்த ஏற்பாடு வேண்டும், செலவு கூடும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். 2018 கஜா புயலுக்கப்புறம் புதுக்கோட்டைப் பக்கம் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதைப் பார்த்தவர்களிடம் இந்த விஷயத்தில் அரைகுறையாகப் பேசுவது பாவம்.

பங்கு, முதலீடு, வட்டி, உத்தரவாதம். இந்த 4 சொல்லையும் ஆடிட்டர் பார்க்காமல் வெளியே விடாதீர்கள். பைனான்ஸ் கம்பெனியில் போட்டு ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் பயப்படுவது நியாயம். அதோடு, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்கிற மத்தியச் சட்டம் 2019-லிருந்து இருக்கிறது. உங்கள் அமைப்பு கூட்டுறவுச் சங்கமா, அறக்கட்டளையா, உற்பத்தியாளர் கம்பெனியா என்பதைப் பொறுத்து, யாரிடம் எந்தப் பெயரில் பணம் வாங்கலாம் என்பதே மாறும். "போட்ட காசு இத்தனை வருஷத்தில் இரட்டிப்பு" என்று ஆர்வத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் அமைப்பே மாட்டிக்கொள்ளும். உங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தை எடுத்து எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று முதல் வாரமே படித்துவிடுங்கள்.

கிலோவாட்டும் யூனிட்டும் குழம்பும். கிலோவாட் என்பது பேனலின் பலம், யூனிட் என்பது அது ஓடி ஓடிச் சேர்த்தது. நான் மோட்டாரை வைத்துச் சொல்கிறேன், 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட். அதைக் கேட்டதும் விவசாயிகள் மிச்சக் கணக்கைத் தாங்களே போட்டுவிடுவார்கள்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்

இதுதான் நான் இந்த வேலையில் மிகவும் மதிக்கிற பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1 கிலோவாட் பேனலுக்கு நிழலில்லாத மாடியில் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். சராசரி என்ற சொல்லை விளக்காமல் விட்டுவிடாதீர்கள். மாசி, பங்குனியில் கூடுதலாக வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் குறைந்துபோகும். அக்னி நட்சத்திரத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3, 0.4 சதவீதம் குறையும். வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. "வெயிலு வேற, வெக்கை வேற" என்று ஒரு பெரியவர் இதை எனக்கே திருப்பிச் சொன்னார், இப்போது எல்லாக் கூட்டத்திலும் அவர் சொன்னபடிதான் சொல்கிறேன்.

இப்போது பணக் கணக்கு. வீட்டு இணைப்புக்கு 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. ஒரு ஆச்சி மட்டும் இருக்கிற வீட்டில் 2 லைட், ஒரு ஃபேன், சாயங்காலம் டிவி, 100 யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம். பில்லே இல்லாதவருக்கு சோலார் போட்டு என்ன மிச்சமாகும்? "உங்க வீட்டுக்கு வேண்டாம் ஆச்சி" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் அமைப்பில் முதலில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, வருகிற ஆளை நாமே திருப்பி அனுப்புவதா என்று. ஆனால் வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஆச்சிதான் பின்னால் தன் தம்பி மகனை அழைத்துக்கொண்டு வந்தார், "இவுக வேணும்னா வேணும்பாக, வேணாம்னா வேணாம்பாக" என்று சொல்லி. எந்த நோட்டீஸும் அந்த வேலையைச் செய்திருக்காது.

அதே சமயம் ஏசி ஓடுகிற வீடு, வீட்டை விடுதியாக நடத்துகிறவர்கள் வேறு வகை. வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், 500-க்குள் இருக்கிற யூனிட்டுக்குக் கிடைத்த மலிவு விலையும் கொஞ்சம் போய்விடுகிறது. பில்லை எதிரில் வைத்துக்கொண்டு, போன வருடத்து 6 பில்லையும் வரிசையாக எழுதி, சோலார் வந்தால் எது எவ்வளவு இறங்கும் என்று அவர்கள் கண்முன்னே போட்டுக் காட்டுங்கள். விடுதிக்கு வீட்டு இணைப்பின் விதிகள் பொருந்தாது, அதைக் கலந்து பேசிவிடக் கூடாது.

மானியம் பற்றி எழுதும்போது தேதி போடுங்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தப் பணம் விலையில் முன்கூட்டியே கழிவதில்லை. பேனல் போட்டு, மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்த பிறகுதான் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும், அதுவரை முழுத்தொகையும் அவர் கையிலிருந்தோ கடனிலிருந்தோ வர வேண்டும். "மானியம் 78,000!" என்று பெரிதாகவும் இதைப் பொடி எழுத்திலும் போடுகிற நோட்டீஸ்களை ஊரில் நிறையப் பார்ப்பீர்கள். நீங்கள் இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

விவசாயிகளிடம் கரண்ட் பில் மிச்சம் என்று போய் நிற்காதீர்கள், மோட்டாருக்கு அவர்கள் பில் கட்டுவதில்லை. மும்முனை மின்சாரம் எப்போது வரும், ராத்திரியில் டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் அவர்கள் கவலை. பகலில் ஓடுகிற சோலார் பம்புசெட்டைப் பற்றி அங்கிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

சில வீடுகளுக்கு ஃபேன் மாற்றுவதே முதல் வேலை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போதைய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டைச் சுற்றித்தான். இதை எழுதுவதால் நமக்கு ஒரு பேனல்கூட விற்காது. இருந்தாலும் எழுதுங்கள்.

பூட்டிக் கிடக்கிற வீடுகள்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்குப் பாதி வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று உங்களுக்குக் கை பரபரக்கும். பொறுமை. ஓட்டுக் கூரையில் பேனல் ஏற்றச் சொல்லி நாங்கள் கேட்பதே இல்லை. ஓட்டிலிருந்து மழை முற்றத்தில் விழுந்து, அங்கிருந்து வழிந்தோட என்று கணக்காக அமைத்த கூரை அது, அதில் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்தும்கூட. பின்கட்டில் பிற்பாடு போட்ட தளம், கார் கொட்டகை, தோட்டம், இவைதான் நமக்கு.

அந்த இடத்துக்கும் ஒரு கையெழுத்து போதாது. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருப்பார்கள், சென்னையில் சிலர், கோலாலம்பூரில் சிலர். முதலில் சாவி வைத்திருக்கிறவரைப் பாருங்கள், அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளையோ வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரோ. அவரைத் தாண்டி நேராக முதலாளிக்குப் போன் போட்டால் காரியம் அங்கேயே நின்றுவிடும். பங்காளிகள் கூடுவது படைப்புக்கு, கல்யாணத்துக்கு, கோயில் காரியத்துக்கு. படைப்பன்று போய்க் கதவைத் தட்டாதீர்கள், அது அவர்கள் முன்னோரைக் கும்பிடுகிற நாள். மறுநாள் காலையில் அரை மணி நேரம் கிடைக்குமா என்று ஒரு வாரம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எழுத, கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் வாக்கில் வருகிற பிள்ளையார் நோன்பு நல்ல சமயம், எங்கே இருந்தாலும் அன்று கூடி, நோன்புச் சடங்காக இழை எடுத்துக்கொள்கிறவர்கள், ஊர் நினைப்பில் இருப்பார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், இங்கே சாயங்காலம் 6 மணிக்குப் பேசினால் அங்கே எட்டரை, சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருவருக்கு ஒரு ஓட்டு என்கிற கூட்டுறவு முறையை விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. புள்ளி வரி மாதிரி என்று சொன்னால் போதும். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, பெரிய வீடானாலும் சின்ன வீடானாலும் புள்ளி ஒன்றுதான். ஆஸ்தி வரி வேறு, அது வசதியைப் பொறுத்தது. எங்களிடமும் பணம் அவரவர் வசதிக்கு, ஓட்டு புள்ளிக் கணக்கில். இதை நகரத்தார் வீடுகளில் மட்டும் சொல்லுங்கள். மற்ற இடங்களில் மகளிர் குழுக் கணக்கை எடுத்துக்காட்டாகச் சொன்னால் அதைவிட நன்றாகப் புரியும்.

படம் எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பழைய கதவு என்று எதைப் பார்த்தாலும் கேமரா கேட்கும். ஆள் இல்லாத வீட்டின் உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தெரு, எந்தப் பக்கம் ஏணி வைத்து மாடி ஏறலாம் என்பதை நீங்களே திருடனுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். பேனலை மட்டும் எடுங்கள், வாசல் எண்ணோ தெருப்பெயரோ விழாமல், வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் வாங்கி.

எங்கே போய்ப் பேசுவது

ஆத்தங்குடி மாதிரி ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த 6 தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது, வேறு வழி பார்க்க வேண்டும். சபையில் மேடை கேட்காதீர்கள், மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்து தெருவிளக்கு, குடிநீர் மோட்டார்ச் செலவு பற்றிப் பேச்சு வரும்போது கை தூக்கி 2 நிமிடம் பேசுங்கள்.

மகளிர் குழுக் கூட்டம் இதைவிட முக்கியம். கரண்ட் பில்லை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புதுவயல் பக்கம் அரிசி மில்காரர்களிடம் போனால் மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் நெல் வரத்து நேரத்தில் போகாதீர்கள். வயதானவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது, ஒரு நிமிடத்துக்குள், பின்னால் பாட்டு எதுவும் இல்லாமல்.

நமக்கு முன்னால் இந்த வேலையை இங்கே செய்தவர்கள் உண்டு. 1970-களில் குன்றக்குடி அடிகளார் தன் ஊரில் கிராமத் திட்டம் ஆரம்பித்தபோது, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்து அறிவியலாளர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஆய்வகம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம், நடுவில் இரண்டு பேருக்கும் புரிகிற தமிழில் பேச ஒருவர். அதுதானே நம் வேலையும். அந்த ஆய்வகமே ஊரார் கொடுத்ததில் வந்ததுதான். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தார்கள். பேட்டரி பற்றி நாட்டில் பெரிய ஆராய்ச்சி நடக்கிற இடம் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் எழுதிக் கேளுங்கள்.

பருவநிலை பற்றிப் பேசப் படம் வேண்டுமென்றால் பனிக்கரடியைத் தேடாதீர்கள். ஆத்தங்குடித் தரைக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தே எடுக்கிறார்கள். கனத்த சுண்ணாம்புச் சுவரும் முற்றமும் ஃபேன் இல்லாத காலத்தில் வீட்டைக் குளுமையாக வைத்தன. எரிபொருளைப் பார்த்துச் செலவழிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வேறு ஊர்களில் நடந்தது

"இதெல்லாம் எங்கயாச்சும் நடந்திருக்கா?" என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். நான் முதலில் சொல்வது கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை. அந்த ஊராட்சி 2006-இல் சுமார் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, ஊருக்கு வேண்டியது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. தலைவராக இருந்த சண்முகம் பெயரை இன்றும் ஊராட்சித் தலைவர்கள் சொல்வார்கள். குஜராத்தில் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் சில விவசாயிகள் சேர்ந்து 2016 வாக்கில் சோலார் பாசனக் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள், மோட்டார் ஓடாத நேரத்துக் கரண்டை விற்கிறார்கள். அங்கே தண்ணீரை வீணாக இறைப்பதைவிடக் கரண்டை விற்பது லாபம் என்று ஆனது, நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருக்கிற நம் பக்கத்துக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். கர்நாடகாவில் பெலகாவி மாவட்டத்து ஹுக்கேரியில் 1969-லிருந்து ஒரு கூட்டுறவுச் சங்கமே மின்சாரம் விநியோகம் செய்கிறது.

கமுதியையும் கேட்பார்கள், பக்கத்து மாவட்டம்தானே. 2016-இல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் அது, முழுக்கத் தனியார் கம்பெனி முதலீடு. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், அங்கே சொந்தக்காரர் யார், இங்கே சொந்தக்காரர் யார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மாதா மாதம் ஐந்தொகை

எழுத ஆரம்பிக்கலாம் என்று நினைக்கும்போது முதலில் எழுத வேண்டியது கணக்கு. பேரேடும் ஐந்தொகையும் (வரவு, செலவு, இருப்பு எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) ரத்தத்தில் ஊறிய ஊர் இது. ரங்கூனில் இருந்த மேலாள் ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்கு அனுப்பாமல் நலம் விசாரித்து மட்டும் கடிதம் போட்டால் என்ன ஆகியிருக்கும்? அழகான படங்கள் போட்ட ஆண்டறிக்கை அந்த நலம் விசாரிப்பு மாதிரி. வேண்டாம் என்று சொல்லவில்லை, அது அப்புறம்.

எங்களிடம் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது, டீக்கடைக்குப் பக்கத்துச் சுவரில். மாதம் 5-ஆம் தேதிக்குள் 5 வரி எழுதுகிறோம். எதிர்பார்த்த யூனிட், வந்த யூனிட், வித்தியாசத்துக்குக் காரணம், வந்த பணமும் செலவும், கையிருப்பு. இதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சிங்கப்பூர்க்காரரும் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது வரிதான் உயிர். அதில் "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று எழுதாதீர்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள்.

ஒரு ஐப்பசி மாதம், இடியில் பள்ளிக்கூட மாடி இன்வெர்ட்டர் போய்விட்டது. மாற்றுப் பெட்டி வர நாளாகும் என்றார்கள். வந்து ஓட ஆரம்பித்த பிறகு சொல்லலாம், இப்போது சொன்னால் பயப்படுவார்கள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நான் மறுநாள் காலை பலகையில் எழுதிவிட்டேன்: "நேற்று இடியில் இன்வெர்ட்டர் பழுது. உற்பத்தி இல்லை. வாரண்டியில் இடி சேராது, செலவு கையிருப்பிலிருந்து. தினமும் இங்கே எழுதுகிறோம்." முதல் நாள் நிறையப் போன் வந்தது, எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டாம் நாள் குறைந்தது. அப்புறம் ஒருவர் வந்து, மில்லில் தான் போட்டிருக்கிற இடிதாங்கியைப் பற்றிச் சொல்லி, நம்ம பள்ளிக்கூட மாடிக்கும் ஒன்று போட்டால் என்ன என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாக வந்தது, சந்தாவுக்கு மேலே தலைக்கு 200 ரூபாய் போட்டு இடிதாங்கி வாங்கினார்கள். அந்த 200 ரூபாய்க்கும் பலகையில் இன்னும் ஒரு வரி இருக்கிறது.

நீங்கள் சேருகிற இடத்தில் இப்படி ஒரு பலகை இருந்தால், சாக்பீஸை யார் வைத்திருக்கிறார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டீக்கடைக்காரரிடம் சுவர் கேளுங்கள், காலை நேரக் கூட்டம் கலைந்த பிறகு.